சித்தி என்ற சொல்லும் டீர்ஃபீல்டுச் சிறுமியும்

அனைவருக்கும் வணக்கம். அறிமுகம் செய்த நண்பர், நான் 'செவ்விந்தியர் குடும்பம்' பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை, நாமெல்லாம் அந்தப் பெயரைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். கொலம்பஸ் தவறாக வைத்த பெயரோடு யாரோ ஒரு நிறத்தையும் ஒட்டிவிட்டார்கள். இன்று நான் பேசப்போகிறவர்கள் தங்களை ஹோடனொஷோனி என்று சொல்லிக்கொள்பவர்கள். நீள்வீட்டு மக்கள் என்று பொருள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா, பிறகு வந்து சேர்ந்த டஸ்கரோரா என்று ஆறு இனத்தார். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி அவர்கள் பூமி.

அந்த நீள்வீட்டுக்குள் ஒரு நிமிடம் போய்வருவோம். எல்ம் மரப்பட்டை வேய்ந்த நீண்ட கூடம். நடுவில் வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்கும் இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அங்கே இருக்கும் பெண்கள் தாய்வழியில் ஒருவருக்கொருவர் சொந்தம். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். பிள்ளைக்குத் தாயின் குலம். குலத்தின் மூத்த பெண் தலைவரைத் தேர்ந்தெடுப்பாள், சரியில்லை என்றால் இறக்கியும் விடுவாள்.

இனி 1704 பிப்ரவரி 29. மாசசூசெட்ஸில் டீர்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் எல்லைக் கிராமம். விடிவதற்குள் பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிப் படையினரும் மதில் ஏறிக் குதித்தார்கள். ஐம்பது பேர் அளவில் மாண்டார்கள். 112 பேரைப் பிடித்துக்கொண்டு பனியில் முந்நூறு மைல் நடத்தி கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஊர்ப் பாதிரியார் ஜான் வில்லியம்ஸும் ஒருவர். இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே கொன்றுவிட்டார்கள். மனைவி பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆனவர். ஆற்றைக் கடக்கும்போது தடுக்கி விழுந்தார், ஒரே கோடரி வெட்டில் கதை முடிந்தது. அதே பயணத்தில் ஏழு வயது மகள் யூனிஸை வழி முழுக்கத் தூக்கிக்கொண்டே போனார்கள், மிகுந்த கனிவோடு கவனித்துக்கொண்டார்கள். இதை எழுதியவர் வேறு யாருமில்லை, அந்தத் தகப்பனே. விடுதலையாகி வந்து 1707-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. மனைவியைக் கொன்ற கையும் மகளைச் சுமந்த தோளும் ஒரே படைக்குள் இருந்தன. அதை மறைக்காமல் எழுதிவைத்தாரே, அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன், அவருடைய பிரசங்கத் தொனி எனக்கு ஒத்துவராவிட்டாலும்.

தகப்பனார் திரும்பி வந்தார். உயிர் தப்பிய மற்ற பிள்ளைகளும் திரும்பினார்கள். யூனிஸ் வரவில்லை. மாண்ட்ரியால் பக்கத்தில் காநவாகே என்ற மோஹாக் ஊரில் தங்கிவிட்டாள். ஆங்கிலம் மறந்துபோயிற்று. 1713-ல் அரோசன் என்ற மோஹாக் இளைஞனைக் கல்யாணம் செய்துகொண்டாள், வயது பதினாறு. அந்த வருஷம் ஜான் ஷைலர் என்பவர் ஆல்பனியிலிருந்து பேசிப் பார்க்கப் போனார். மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கெஞ்சினார். அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில் இரண்டே சொல்: 'ஜக்தே ஒக்தே.' அகராதிப்படி 'இருக்காது போலிருக்கிறது' என்ற மாதிரி. பெண் கேட்டு வந்தவரிடம் நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்கிறார்களே, அதுதான். ஷைலருக்கும் புரிந்துவிட்டது. அப்பா மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் எப்போதோ போய்ப் பார்த்திருப்பாள் என்றார் புருஷன்.

ஜான் டெமோஸ் என்ற வரலாற்றாசிரியர் 1994-ல் எழுதிய புத்தகம் இந்தப் பெண்ணைப் பற்றியது. தகப்பன் தன் புத்தகத்துக்கு 'மீட்கப்பட்ட கைதி' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார். டெமோஸ் 'மீட்கப்படாத கைதி' என்று வைத்தார். யூனிஸ் சொந்தமாக எழுதிய ஒரு வரி கூட நம்மிடம் கிடையாது. அண்ணன் ஸ்டீபனின் நாட்குறிப்பு, கடிதங்கள், ஊர்ப் பதிவுகள் இவற்றை வைத்து அந்த மௌனத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

ஏன் வரவில்லை? மனம் மாற்றிவிட்டார்கள் என்றது அன்றைய பாஸ்டன். எனக்கு மேரி ஜெமிசன் சொன்னது உதவியது. இவளும் சிறைப்பட்டவள், 1750-களில், பென்சில்வேனியாவில். கிட்டத்தட்ட எண்பது வயதில் தன் கதையைச் சொன்னாள், 1824-ல் ஜேம்ஸ் சீவர் என்பவர் அதைப் புத்தகமாக்கினார். சொன்னது அவள், வாக்கியம் அவருடையது. அதனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிக்கவேண்டும். இரண்டு செனெக்காச் சகோதரிகள் அவளை ஆற்றில் குளிப்பாட்டி, கிழிந்த ஆடையை ஆற்றோடு விட்டு, புது உடை உடுத்தினார்கள். பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். தன்னைக் கொல்லத்தான் போகிறார்கள் என்று பயந்தாளாம். அழுதது போரில் இறந்த சகோதரனுக்காக. அழுது முடித்ததும் முகம் மலர்ந்து இவளைத் தங்கையாக ஏற்றுக்கொண்டார்கள். காலியான இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. அடிமையும் அல்ல, விருந்தாளியும் அல்ல, முறையுள்ள உறவு.

இந்த 'முறை' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவீர்கள்? இங்கேதான் லூயிஸ் ஹென்றி மார்கன் வருகிறார். ராச்செஸ்டர் ஊர் வக்கீல். 1844-ல் ஆல்பனியில் ஒரு புத்தகக் கடையில் எலி பார்க்கர் என்ற செனெக்கா இளைஞனைச் சந்தித்தார். நிலத்தைப் பறிகொடுக்காமல் இருக்கப் போராடிய பெரியவர்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த பையன் அவன். ஹோடனொஷோனி பற்றிய மார்கனின் 1851 புத்தகம் அவன் தோள்மேல் நின்று எழுதியது, சமர்ப்பணமும் அவனுக்கே.

செனெக்காவில் அம்மாவுக்கு 'நோயே' என்று பெயர். சிரிக்காதீர்கள், நம் காதில் அப்படித்தான் விழும். அம்மாவின் சகோதரியும், அதாவது நம் சித்தியும், நோயே. அப்பாவின் சகோதரனும் அப்பாதான். ஆனால் அம்மாவின் சகோதரனுக்கு வேறு சொல், அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல். பெரியம்மா பிள்ளை உடன்பிறப்பு, மாமா பிள்ளை அப்படி இல்லை. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். மார்கன் இதை விசித்திரம் என்று நினைத்தார். 1859-ல், ஆற்காடு மிஷனிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஸ்கடர் என்ற பாதிரியாரிடம் தமிழ் உறவுமுறையைக் கேட்டறிந்தார். பிற்பாடு வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய அதே ஸ்கடர் குடும்பம். அடுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு! தமிழரும் செனெக்காவும் இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளில் ஒத்துப்போகிறார்கள் என்று எங்கெல்ஸ் தன் குடும்பம் பற்றிய நூலில் எழுதியிருக்கிறாரே, இங்குள்ள தோழர்கள் படித்திருப்பார்கள், அது மார்கனிடமிருந்து எடுத்தது.

உடனே வாட்ஸப்பில் 'அமெரிக்கப் பூர்வகுடிகள் தமிழரே' என்று அனுப்பிவிடாதீர்கள். மார்கனே அந்தக் குழியில் விழுந்தார். இந்த ஒற்றுமையை வைத்து அவர்கள் ஆசியாவிலிருந்து போனதை நிரூபித்துவிட்டதாக நம்பினார். இப்படிப்பட்ட முறை தொடர்பில்லாத பல இடங்களில் தனித்தனியே முளைத்திருக்கிறது. தவிர, நமக்குத் தாய்மாமன் மாமனாராகவும் ஆகலாம், அதனால் அவருக்கும் மாமா, இவருக்கும் மாமா. செனெக்காவில் மாமன் மகள் முறைப்பெண் அல்ல, மாமனாருக்குச் சொல்லே வேறு. தூரத்து உறவுக்குப் போகப்போக இரண்டு கணக்கும் பிரிந்துவிடும்.

ஆனாலும் இந்தப் புத்தகங்களைப் படிக்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கனடாவின் பிரெஞ்சு கவர்னரைப் பூர்வகுடிகள் 'ஒனொன்டியோ' என்றும் தகப்பன் என்றும் அழைத்தார்கள். சொன்னபடி கேட்பார்கள் என்று பிரெஞ்சுக்காரர் மகிழ்ந்தார்கள். தாய்வழிக் குடும்பத்தில் அதட்டிக் கண்டிக்கும் பொறுப்பு தாய்மாமனுடையது. தகப்பன் வாங்கிக் கொடுப்பவன், செல்லம் கொடுப்பவன். அப்பா என்று கூப்பிட்டவர்கள் எதிர்பார்த்தது துணி, வெடிமருந்து, சமாதானப் பஞ்சாயத்து. ரிச்சர்ட் வைட் 1991-ல் எழுதிய 'நடுநிலம்' இந்தத் தகப்பன் வேஷத்தை விரிவாக ஆராய்கிறது. கனமான புத்தகம், பாதியில் வைத்துவிட்டாலும் பாவமில்லை.

எதில் தொடங்குவது என்று கேட்பீர்கள். டெமோஸில் தொடங்குங்கள். 1740-ல், முப்பத்தாறு வருஷம் கழித்து, யூனிஸ் புருஷனோடு அண்ணன் வீட்டுக்கு வந்த இடம் வரும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் உட்கார, அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்கிறார்கள். பிறகும் சில முறை வந்தாள், தங்கவில்லை. 1785-ல் காநவாகேயிலேயே இறந்தாள். அது முடிந்ததும் உறவுமுறைகள் பற்றிய மார்கனின் 1871 பெருநூலை இணையத்தில் திறந்து, கடைசிப் பகுதி அட்டவணைக்குப் போங்கள். ரோமன் எழுத்தில் கொஞ்சம் தடுமாறி நிற்கும் தமிழ் வரிசையில் 'பெரிய தகப்பன்' கண்ணில் படும்.