துபாய் வ்லாக்: க்ரீக் பக்கம் ஒரு அரை நாள்

வணக்கம் மக்களே! பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கிறதா? பர் துபாய் படகுத்துறையில் நிற்கிறேன்.

துபாய் என்றதும் எல்லோரும் புர்ஜ் கலீஃபாவைத்தான் கேட்பீர்கள், அதை முதலில் முடித்துவிடுகிறேன். 828 மீட்டர், 2010-இல் திறந்தது, உலகத்திலேயே உயரமான கட்டடம். 124-ஆவது மாடிக்கு லிஃப்டில் போய், செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கலாம். சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் விலை அதிகம். தூசி மூட்டமான நாளில் அந்தக் காசு வீண். என்னைக் கேட்டால், சாயங்காலம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். ஃபவுண்டன் ஷோவும் இலவசம்.

சரி, இங்கே வருவோம். இதோ இந்தத் தண்ணீர்தான் க்ரீக். ஆறு மாதிரி தெரிந்தாலும் ஆறு இல்லை, கடல் உள்ளே நுழைந்த உப்பங்கழி. துபாய் பணக்கார ஊரானது எண்ணெயால்தான் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் இல்லையா? இங்கே எண்ணெய் கிடைத்தது 1966-இல். அதற்கு முன்பே அப்போது துபாயை ஆண்ட ஷேக் ரஷீத் கடன் வாங்கி இந்தக் கழியைத் தூர்வாரிவிட்டார். பெரிய சரக்குப் படகுகள் உள்ளே வர ஆரம்பித்தன, வியாபாரம் பிடித்துக்கொண்டது. அதற்கும் முன்னால் முத்துக்குளிப்புதான் பிழைப்பு. 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் அது படுத்துவிட்டது. அடிபட்ட ஊர், கப்பலையும் சரக்கையும் நம்பி எழுந்திருக்கிறது.

படகுக்கு முன் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்பின் தெருக்களில் ஒரு சுற்று வந்தேன். பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் பவளக்கல்லும் சுண்ணமும் வைத்துக் கட்டிய வீடுகள். கூரைமேல் சதுரமாக நிற்கிறதே, அதுதான் காற்றுக் கோபுரம், அரபியில் பார்ஜீல். நாலு பக்கமும் திறப்பு, உள்ளே பெருக்கல் குறி மாதிரி தடுப்புச் சுவர். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் பிடித்து அறைக்குள் இறக்கும். சூடான காற்று மறுபக்கமாக மேலே போய்விடும். கரண்ட் இல்லாத காலத்து ஏசி! அடியில் நின்று பார்த்தேன், கழுத்தில் காற்று படுகிறது.

ஏறிவிட்டேன். இந்த மரப்படகுக்கு அப்ரா என்று பெயர். கட்டணம் ஒரு திர்ஹாம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே பெஞ்சு, இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். நடுவிலே பள்ளத்தில் நிற்கும் படகோட்டி காலாலேயே திருப்புகிறார், கையில் காசு வாங்குகிறார். ஓரத்தில் பிடிமானம் கிடையாது. போனை இறுக்கிப் பிடியுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். எதிரே ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்து அசந்து தூங்குகிறார். படம் எடுக்கவில்லை.

எதிர்க்கரையான தேரா வந்தாயிற்று. கோல்ட் சூக்கில், அதாவது தங்கச் சந்தையில், எல்லோரும் கண்ணாடிக்கு முன் கூட்டமாக நிற்பது அந்த மோதிரத்துக்காக: 21 காரட், கற்களோடு சுமார் 64 கிலோ, கின்னஸ் சாதனை. போட்டுக்கொள்ள விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! வாங்குகிற எண்ணம் இருந்தால் அன்றைய கிராம் விலையைப் பாருங்கள். பேரம் செய்கூலியில்தான் நடக்கும். அப்படியே மசாலா சூக்கில் கருத்துக் காய்ந்த எலுமிச்சை வாங்குங்கள், குழம்பில் போட்டால் தனி ருசி.

தேரா கரையோரத்தில் மரக்கப்பல்களைப் பார்க்காமல் போகாதீர்கள். டயர், ஃபிரிட்ஜ், மூட்டை எல்லாம் திறந்தவெளியிலேயே அடுக்கியிருக்கிறார்கள், ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிற சரக்கு. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

வருவதென்றால் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் வாருங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே இங்கே தடை இருக்கிறது. கட்டட வேலை செய்கிறவர்களையே நிறுத்திவைக்கும் வெயிலில் நமக்கு என்ன சுற்றல்? அப்புறம், மெட்ரோவில் எதுவும் சாப்பிடாதீர்கள், தண்ணீரும் குடிக்காதீர்கள், 100 திர்ஹாம் அபராதம்.

பசி கிள்ளுகிறது, இங்கே துபாயிலேயே இருக்கிற கராமா பகுதிக்குப் போகிறேன். அங்கே நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவே இல்லை. அடுத்த வீடியோ அபுதாபி ஷேக் சாயித் பெரிய மசூதி. நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். உடை விஷயத்தில் கண்டிப்பு, அதை விவரமாக அங்கே சொல்கிறேன்.