ரெண்டு சாக்லேட், போச்சு பிரதமர் நாற்காலி! ஒரே ஒரு தடவை மட்டும் வேலை செய்யற கார்டோட கதை

வணக்கம் மக்களே! டாப்ளரோன் சாக்லேட் தெரியும்ல? முக்கோணமா நீட்டமா இருக்குமே, துபாய்லேர்ந்து மாமா வந்தா பெட்டியத் திறந்ததும் முதல்ல வெளிய வர்றது, அதே தான். அந்த சாக்லேட் ரெண்டே ரெண்டு வாங்கினதுக்கு ஒரு நாட்டோட பிரதமர் பதவி கைய விட்டுப் போயிருக்கு. சத்தியமா.

1995, ஸ்வீடன். மோனா சாலின்னு துணைப் பிரதமர். அடுத்த பிரதமர் இவங்க தான்னு கிட்டத்தட்ட முடிவாயிருச்சு. அந்த நேரத்துல பத்திரிகைக்காரங்க அவங்களோட அரசாங்க கிரெடிட் கார்ட் பில்ல நோண்டிட்டாங்க. உள்ள என்னன்னா சொந்தச் செலவு. டயப்பர், வாடகை கார், அப்புறம் நம்ம டாப்ளரோன் ரெண்டு. மொத்தம் 53,000 குரோனார் சொச்சம். அந்தம்மா "திருப்பிக் கட்டிட்டேன், இது சம்பள அட்வான்ஸ் மாதிரி தான்"னு சொன்னாங்க, விசாரணையும் பின்னாடி கேஸ் இல்லாமலே மூடிட்டாங்க. ஆனா ஊரே சிரிச்சிருச்சு, கூடவே கட்டாம விட்ட பார்க்கிங் ஃபைன் எல்லாம் வெளிய வந்துருச்சு, போட்டிலேர்ந்து விலகிட்டாங்க. 1996ல யோரான் பெர்ஷான் பிரதமரானாரு. ஸ்வீடன்ல இன்னிக்கும் அதுக்கு பேரு டாப்ளரோன் விவகாரம்.

சரி சரி, சாக்லேட் மட்டும் காரணம் இல்ல, தலைப்பு க்ளிக்பெய்ட் தான், ஒத்துக்கறேன். வந்துட்டீங்கல்ல, உக்காருங்க.

இதுல என் கேள்வி வேற. அந்தக் கார்ட் ஏன் டயப்பருக்கு "முடியாது"ன்னு சொல்லல? ஏன்னா அது சாதா கார்ட். லிமிட் இருக்கற வரைக்கும் எங்க தேச்சாலும் போகும், மாசக் கடைசில ஸ்டேட்மென்ட் வந்தப்புறம் தான் சண்டை. செலவு நடந்து முடிஞ்சப்புறம் கேள்வி கேக்கறது ஒரு வகை, செலவுக்கு முன்னாடியே கதவ சாத்தறது ஒரு வகை. இந்த ரெண்டாவது வகைக்காக வந்தது தான் ஒன் டைம் கார்ட், சிங்கிள் யூஸ் விர்ச்சுவல் கார்ட்னு சொல்றாங்களே அது.

வரலாறு ஒரு நிமிஷம், ஸ்கிப் பண்ணிராதீங்க. 2000ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஆன்லைன் ஷாப்பிங்குக்கு ஒரு தடவை நம்பர் விட்டாங்க, ஜனங்க கண்டுக்கல, சில வருஷத்துல மூடிட்டாங்க. இந்த டெக்னாலஜிக்கு பேடன்ட் வாங்கினது டப்ளின்ல இருந்த ஆர்பிஸ்காம்னு ஒரு கம்பெனி, பின்னாடி மாஸ்டர்கார்ட் அதையே மொத்தமா வாங்கிருச்சு. சாதா ஜனங்ககிட்ட எடுபடாதது கம்பெனிகள்கிட்ட எடுபட்டுச்சு. அவ்ளோ தான் வரலாறு.

இப்ப இது எப்படி வேலை செய்யுது? இதுக்கு நான் ரெண்டு நாளா உதாரணம் தேடினேன், கடைசில எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே காந்தத்துல ஒட்டி இருந்துச்சு. பொங்கல் டோக்கன்!

(ஸ்க்ரீன்ல பொங்கல் டோக்கன் படம், குடும்ப அட்டை நம்பர மறைச்சிரு எடிட்டர் தம்பி)

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடைலேர்ந்து வந்து டோக்கன் குடுப்பாங்கல்ல, அதுல என்ன இருக்கும்? எந்தக் கடை, எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் குடும்ப அட்டை. அத எடுத்துட்டுப் பக்கத்து ஏரியா கடைக்குப் போனா வேலைக்காகாது. அடுத்த வாரம் போனா திட்டு தான் கிடைக்கும். ஒரு தடவை பச்சரிசி, சர்க்கரை, கரும்பு வாங்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் அந்த டோக்கன் வெறும் பேப்பர். வழில தொலைஞ்சு எவனோ எடுத்தாலும் அவனுக்கு பிரயோஜனம் இல்ல, ஏன்னா அட்டை உங்ககிட்ட இருக்கு. முக்கியமான விஷயம், கடைக்காரர் சாயங்காலம் டோக்கன எண்ணினா கணக்கு நேரா வந்துரும், யாருக்குக் குடுத்தோம்னு தனியா மண்டைய உடைக்க வேண்டியதில்ல.

அச்சு அசல் அதே தான் இந்தக் கார்டும். ஒரு இன்ஜினியர் டெல்லி போகணும், டிக்கெட் 7,200 ரூபா. மேனேஜர் ஓகே பண்ணதும் பேங்க் சிஸ்டம் அந்த நிமிஷமே புதுசா ஒரு 16 இலக்க நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி எல்லாம் உருவாக்கிக் குடுக்கும். பிளாஸ்டிக் கிடையாது, வெறும் நம்பர். 7,200க்கு மேல போகாது, விமான டிக்கெட் தவிர வேற எதுக்கும் போகாது, ரெண்டு நாள்ல செத்துரும். பின்னாடி கம்பெனியோட நெஜ அக்கவுண்ட் ஒண்ணே ஒண்ணு தான், இந்த நம்பரெல்லாம் அதுக்குப் போட்ட முகமூடி. நம்பர் செத்தாலும் பேங்க்குக்கு முகமூடிக்குப் பின்னாடி யாருன்னு தெரியும், அதனால டிக்கெட் கேன்சல் பண்ணா ரீஃபண்ட் வழி தெரியாம அலையாது, தாய் அக்கவுண்டுக்கே வந்து சேரும்.

இந்த நம்பர் விஷயத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச ஒண்ணு இருக்கு, சொல்லியே ஆகணும். உங்க பர்ஸ்ல இருக்கற கார்ட எடுத்து முதல் இலக்கத்தப் பாருங்க. 4னா விசா. 5 இல்ல 2னா மாஸ்டர்கார்ட். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டைனர்ஸ் கிளப் ரெண்டும் 3ல ஆரம்பிக்கும், ஏன்னா நம்பர் பிரிச்சுக் குடுத்த ஸ்டாண்டர்ட்ல 3னா பயணமும் பொழுதுபோக்கும். அதாவது அந்தக் கார்டுங்க பொறந்ததே டூர் போறவங்களுக்கும் ஹோட்டல்ல சாப்பிடறவங்களுக்கும். 1 யாருக்கு தெரியுமா? ஏர்லைன்ஸுக்கு. யுஏடிபின்னு ஒரு கார்ட் இருக்கு, 1936லேர்ந்து, ஏர்லைன் கம்பெனிங்களே சேர்ந்து நடத்தறது, அது இன்னும் 1ல தான் ஆரம்பிக்குது. ஆக ஆபீஸ் டூர் செலவுக்கு தனி கார்ட்ங்கறது புது யோசனையே இல்ல, விசா மாஸ்டர்கார்டுக்கெல்லாம் அது தாத்தா.

இன்னொரு கணக்கு. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு நம்பர்னா நம்பர் தீந்துராதா? 16 இலக்கத்துல இப்ப முதல் 8 பேங்க் அடையாளம், கடைசி 1 சரிபார்க்கற இலக்கம். நடுவுல மிச்சம் 7. அப்ப ஒரு அடையாளத்துக்கு 1 கோடி நம்பர். சின்ன கம்பெனிக்கு ஏழு தலைமுறைக்குப் போதும், ஆனா ஒரு நாளைக்கு லட்சக்கணக்குல ரூம் போடற புக்கிங் ஆப்புக்கு நூறு நாள் தாங்குமா யோசிங்க.

ஆமா, புக்கிங் ஆப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீங்களே இந்தக் கார்ட பலமுறை யூஸ் பண்ணிருப்பீங்க, உங்களுக்குத் தெரியாது. ஆப்ல காசு கட்டி ரூம் போடறீங்க, ஆப் உங்க காச வச்சிக்கிட்டு ஹோட்டலுக்கு ஒரு விர்ச்சுவல் கார்ட் நம்பர் அனுப்பும், செக்கின் தேதி வந்தா தான் அதுக்கு உயிர் வரும், ஹோட்டல்காரர் தன் மெஷின்ல அந்த நம்பர டைப் பண்ணி காச எடுத்துக்குவாரு.

இந்த ஹோட்டல் விஷயம் தான் இன்னிக்கு வீடியோவோட ஹீரோ, வில்லன் எல்லாமே. என் சொந்தக் கதை சொல்றேன்.

நான் யூட்யூப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில சர்வீஸ் இன்ஜினியர். அப்பெல்லாம் டூர் அட்வான்ஸ் 5,000 ரூபா கைல குடுப்பாங்க, வந்து செட்டில்மென்ட் போடணும். பில்லெல்லாம் தெர்மல் பேப்பர், சட்டப் பாக்கெட்ல வச்சு ரெண்டு நாள் வேர்வைல ஊறினா எழுத்தே இருக்காது, வெள்ளப் பேப்பர நீட்டிட்டு "அக்கா இது மதிய சாப்பாடு, இது ரூம்"னு நான் சொல்ல, அக்கவுண்ட்ஸ் அக்கா அத லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு "தம்பி, இதுல எனக்கு உன் மூஞ்சி தான் தெரியுது"ம்பாங்க. ஷேர் ஆட்டோக்கு பில் எங்கன்னு கேட்டா நான் எங்க போவேன்? செல்ஃப் வவுச்சர் எழுதி எழுதியே என் கையெழுத்து அழகாச்சு.

அப்புறம் நிர்வாகம் மாடர்ன் ஆயிட்டாங்க. டிராவல் ஏஜென்ட் மூலமா எல்லாம் விர்ச்சுவல் கார்ட், நீ ஒரு பைசா எடுத்துட்டுப் போக வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே குஷி. பெங்களூர் போறேன், பஸ் லேட்டு, ஹோட்டல் வாசல்ல நிக்கறப்ப ராத்திரி 11:40. தோள்ல டூல் பேக், உள்ள பைப் ரென்ச், ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறேன்.

"சார், உங்க பேர்ல புக்கிங் இருக்கு, பேமென்ட் வரல."

"கம்பெனி கார்ட்ல கட்டிருக்காங்களே."

"அந்தக் கார்டக் காட்டுங்க சார்."

"கார்டே கிடையாதுங்க. நம்பர் மட்டும் தான்."

"நம்பர் சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியாது."

அவர் என்னப் பாத்த பார்வை இருக்கே! பொண்ணு பாக்க வந்துட்டு சம்பளத்த சொல்ல மாட்டேங்கறவனப் பாக்கற மாதிரி. ஏஜென்டுக்கு போன் போட்டா எடுக்கல. வேற வழியில்லாம என் சொந்த டெபிட் கார்ட தேச்சுட்டுப் படுத்தேன். காலைல இட்லி சாப்பிட்டுட்டு வர்றேன், அதே ஆளு சிரிச்ச முகமா "சார், உங்க பேமென்ட் லெட்டர் ஃபேக்ஸ்ல வந்திருக்கு, பின்னாடி ரூம்ல இருந்துச்சு"ங்கறாரு. ஃபேக்ஸ்! மக்களே, அந்த நிமிஷமே பொறந்து ரெண்டு நாள்ல சாகற அதிநவீன கார்ட் நம்பர் ஹோட்டலுக்கு வந்தது ஃபேக்ஸ் மெஷின்ல. எங்க ஊரு கதை மட்டும்னு நினைக்காதீங்க, லண்டன்லயும் இதே பஞ்சாயத்து தான், விர்ச்சுவல் கார்ட் கம்பெனிங்க ஹோட்டலுக்கு விவரம் அனுப்பறதுக்கு பல வருஷமா நம்பினது ஃபேக்ஸ தான். பாதுகாப்புக்காக ஒரு தடவை நம்பர் செய்வாங்களாம், அத பேப்பர்ல அடிச்சு ரிசப்ஷன் டிரேல போடுவாங்களாம்!

இதோட முடியல. அவங்க அந்தக் கார்டுலயும் காசு எடுத்துட்டாங்க, என் டெபிட்லயும் எடுத்துட்டாங்க, ஒரே கட்டில்ல நான் ரெண்டு பேரா படுத்த மாதிரி கணக்கு. என் காசு திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த டூரே முடிஞ்சிருச்சு.

பிரச்சனை ரிசப்ஷன் ஆளுகிட்ட இல்ல, ஹோட்டல் காசு எடுக்கற விதத்துல இருக்கு. ஏர்லைன் ஒரே தடவை எடுக்கும், முடிஞ்சது. ஹோட்டல் அப்படி இல்ல. செக்கின்ல ஒரு தொகையப் பிடிச்சு வைப்பாங்க, ப்ரீ ஆத்துன்னு பேரு, காசு போகாது, ஆனா பூட்டு விழும். செக்கவுட்ல தான் நெஜ பில். இப்ப யோசிங்க, உண்மைலயே ஒரு தடவை மட்டும் வேலை செய்யற கார்டா இருந்தா செக்கின்லயே அதோட ஆயுசு முடிஞ்சு போச்சு, செக்கவுட்ல டிக்ளைன். அதனால ஹோட்டலுக்குக் குடுக்கற "சிங்கிள் யூஸ்" கார்ட் பெரும்பாலும் சிங்கிள் யூஸே கிடையாது! ஒரே ஹோட்டல், தங்கற தேதி ப்ளஸ் ரெண்டு மூணு நாள், அதுக்குள்ள எத்தனை தடவை வேணா எடுத்துக்கோன்னு செட் பண்ணிருப்பாங்க. தொகையும் கொஞ்சம் தளர்த்தி தான் வைப்பாங்க, வரி சேரும், காலை டிஃபன் சேரும். ரூம் 3,000னா கார்ட 3,000க்கே இறுக்கிக் கட்டின அறிவாளி கம்பெனியோட ஸ்டாஃப் தான் காலைல ரிசப்ஷன்ல 150 ரூபாய்க்கு நின்னு பேசிட்டு இருப்பாரு.

இன்னொரு பூட்டு இருக்கு, கடை வகை. ஒவ்வொரு கடைக்கும் நாலு இலக்க நம்பர் உண்டு, எம்சிசின்னு சொல்வாங்க. ஹோட்டல் ரூம் 7011, ரெஸ்டாரண்ட் 5812, பார் 5813 (ஒரே ஒரு நம்பர் தான் வித்தியாசம், நம்ம ஊரு ஃபேமிலி ரெஸ்டாரண்ட்ல தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்குமே அந்த மாதிரி), டாக்ஸி 4121. 5441 என்ன தெரியுமா? மிட்டாய்க் கடை! 1995ல அந்தக் கார்ட்ல 5441அ மட்டும் மூடி வச்சிருந்தா... இல்ல, அப்பவும் தப்பிச்சிருக்கும். ஏன்னா கார்டுக்குக் கடை தான் தெரியும், கூடைல என்ன இருக்குன்னு தெரியாது. சூப்பர் மார்க்கெட்ல தேச்சா பாலும் ஒண்ணு தான் டாப்ளரோனும் ஒண்ணு தான்.

அப்ப பேசாம எல்லாத்தையும் மூடிட்டா? அதையும் பண்ணிப் பாத்துட்டாங்க. 2025 பிப்ரவரில அமெரிக்க அரசாங்கத்துல செலவக் குறைக்கறேன்னு பல துறை ஊழியர்களோட கார்ட் லிமிட்ட 1 டாலர் ஆக்கிட்டாங்க. ஒரு டாலர்! எல்லாருக்கும் மொத்தமா, எந்தச் செலவு தேவை எது தேவையில்லைன்னு பாக்காம. மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்தறதும்பாங்கல்ல, அது தான். பொங்கல் டோக்கனப் பாருங்க, யாருக்கு என்ன எப்பன்னு தெளிவா எழுதிருக்கு, ரேஷன் கடையையே மூடல.

என்னக் கேட்டா, இந்தக் கார்ட திருட்டத் தடுக்கன்னு விக்கறாங்களே, அது சும்மா விளம்பரம். நெஜ லாபம் அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு. ஒரு டிரிப், ஒரு நம்பர், ஸ்டேட்மென்ட்ல ஒரு வரி. யாரு, எங்க, எந்தப் ப்ராஜெக்ட்னு நம்பரே சொல்லிரும். ஸ்டாஃப் கைக்காசு போட்டுட்டு மாசக் கணக்கா காத்திருக்க வேண்டியதில்ல, அது தான் எனக்கு பெருசாப் படுது, 18,000 சம்பளத்துல 6,000 ரூபா ரூம் வாடகை கைலேர்ந்து போட்டவனுக்குத் தான் அந்த வலி தெரியும்.

சின்ன கம்பெனி வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. ஸ்டேட்மென்ட் இருக்குன்னு ஜிஎஸ்டி பில்ல விட்டுராதீங்க, கார்ட் ஸ்டேட்மென்ட் பில் ஆகாது. பில் இருந்தாலும் பெங்களூர் ஹோட்டல் போடறது கர்நாடகா ஜிஎஸ்டி, உங்க பதிவு தமிழ்நாட்டுல மட்டும்னா அந்த வரிய கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்க முடியாது. அப்புறம் ஓடிபி. நம்ம நாட்டுல ஆன்லைன்ல கார்ட் யூஸ் பண்ணா பொதுவா அது வரும், அது யாரு போனுக்கு வருதுன்னு முதல்லயே கேளுங்க, ஓனர் கல்யாணப் பந்தில உக்காந்திருக்கறப்ப ஸ்டாஃப் ரயில்வே ஸ்டேஷன்ல ஓடிபிக்காக நிப்பாரு.

டூர் போறவங்களா நீங்க? கிளம்பறதுக்கு முன்னாடி ஹோட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு "பேமென்ட் லெட்டர் வந்துச்சா, எந்த டிரேல இருக்கு"ன்னு கேட்டுருங்க. லைக் போடுங்க, உங்க ராத்திரி ரிசப்ஷன் கதைய கமெண்ட்ல போடுங்க, ஹோட்டல் பேரு வேணாம். எங்க அக்கவுண்ட்ஸ் அக்காவும் இந்த சேனல் பாக்கறாங்க. அக்கா, 2016 சேலம் டூர்ல ஒரு 240 ரூபா இன்னும் பெண்டிங் இருக்கு.