ஓடினால்தான் அது இன்ஜின்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜினை நான் விளக்க வேண்டியதில்லை. கிணற்று மேட்டுக் கொட்டகை, டீசல் வாசனை, தூரத்திலிருந்தே கேட்கும் அந்த ‘டுக் டுக்’. இன்ஜினைச் சுற்றிவிட்டு வெதுவெதுப்பாக வெளியே விழும் தண்ணீரில் மார்கழிக் காலையில் குளித்தவர்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

போன தை மாதம் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் இப்படிப்பட்ட பழைய இன்ஜின்களை ஒன்று சேர்த்தோம். டிராக்டரில் ஏற்றி வந்தவர்கள் உண்டு, மாட்டு வண்டியில் கொண்டுவந்தவரும் உண்டு. வெளிநாடுகளில் இது பெரிய திருவிழா. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மவுண்ட் பிளசன்ட் என்ற ஊரில் 1950-லிருந்து பழைய கதிரடிக்கும் இயந்திரங்களைக் கூட்டி வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். நன்றாகக் கவனியுங்கள், ஓட்டிக் காட்டுகிறார்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே அதுதான். பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தி வைத்தால் அது வெறும் இரும்பு. ஓடினால்தான் இன்ஜின்.

தோப்புக்கு வந்ததில் ஒன்று பழைய லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1930 வாக்கில் செய்யத் தொடங்கிய வடிவம் அது. பிறகு நம் குஜராத்தின் ராஜ்கோட்டில் அதே அச்சில் ஏராளமாகச் செய்தார்கள். ஐந்து குதிரைச் சக்தி, நிமிடத்துக்கு 600 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக நொடிக்கு ஐந்து வெடி. நிதானமாக ஓடுவதால்தான் தேய்மானம் குறைவு, ஆயுள் அதிகம்.

அந்த இன்ஜின் பல வருடம் கொட்டகையில் கிடந்தது. கொண்டுவந்த பையன் பச்சை பெயின்ட் டப்பாவோடு வந்திருந்தான். எண்பதை நெருங்கும் ஒரு மெக்கானிக் பெரியவர், “பெயின்ட் அப்புறம் அடிக்கலாம்பா, மொதல்ல அது பேசட்டும்” என்று டப்பாவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். டேங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை வடித்தார். டீசல் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினார். பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு, இன்ஜின் தலைமேல் காதை வைத்துக்கொண்டார்.

“எதுக்கு தாத்தா காது வைக்கிறீங்க?”

“நாசில் கத்துதான்னு பாக்கறேன். அது கத்தலைன்னா நீ சாயங்காலம் வரைக்கும் சுத்தினாலும் ஓடாது.”

நாசில் என்பது இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை. அது டீசலைப் பூவாகத் தூவினால் ‘கிர்க்’ என்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார். இப்போது ‘கிர்க்’. பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொன்னார். இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் தப்பும். வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற, சக்கரம் வேகம் எடுத்ததும் வால்வை விட்டார். ஒரு கரும்புகை, ஒரு இருமல், அப்புறம் நின்று நிதானமாக டுக் டுக் டுக்.

கூட்டத்தில் இருந்த ஒரு பாட்டி, “எங்க கிணத்து இன்ஜின் இப்படி ஓடாது கண்ணு, நடுநடுவுல நொண்டும். அந்த நொண்டலைக் கேட்டுத்தான் எங்க வீட்டுக்காரர் தண்ணி கட்டறாருன்னு தெரிஞ்சிக்குவேன்” என்றார். இதைப் படத்தில் எழுதி மாட்ட முடியுமா? ஓட்டினால்தான் இந்தப் பேச்சே வெளியே வரும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஓட்டுங்கள்.

சரி, இவ்வளவு உறுதியான இன்ஜின்கள் ஏன் ஓய்ந்தன? தண்ணீர் கீழே போனதுதான் பெரிய காரணம். மேலே வைத்த பம்பு நடைமுறையில் ஏழு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. நம் பக்கம் பாறைக் கிணறுகள். நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுக்குள்ளேயே திட்டு வெட்டி இன்ஜினை இறக்கினார்கள். அந்தப் புகையில் மயங்கி உயிரை விட்டவர்களும் உண்டு, அதையும் மறக்கக் கூடாது. பிறகு கரன்ட் மோட்டார் வந்தது. 1990-இல் விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. அப்புறம் ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும். டீசல் வாங்கி ஊற்ற யாருக்கு மனசு வரும்? விவசாயி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த இன்ஜினைக் காதால் கேட்டே சீர்செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இளைஞர்கள் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். கடலைக்காய் உடைக்கும் மிஷினைப் பற்றியும், இன்ஜின் ஓட்டிய கரும்பு ஆலைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பாலக்கோடு, பாப்பாரப்பட்டிப் பக்கத்து நேயர்களுக்கு அந்த வெல்லக் கொட்டகைகள் தெரியும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கடைசியாக ஒரு வேலை மட்டும். உங்கள் கொட்டகையில் இன்ஜின் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். புகைக்குழாய் வாயை ஒரு தகர டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். டேங்கில் இருக்கும் பழைய டீசலையும் வடித்துவிடுங்கள். அடுத்த தை மாதம் ஓட்டுவதற்குக் கொண்டுவாருங்கள். வணக்கம்.