பொய் யாருடைய நன்மைக்காகச் சொல்லப்படுகிறது?

[காட்சி: ஜார்ஜ் டவுன், கார்ன்வாலிஸ் கோட்டை. கொடிக்கம்பத்திலிருந்து கேமரா மெல்லக் கீழிறங்குகிறது.]

1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் நடுவில், ஜப்பானிய விமானங்கள் பினாங்கின்மீது குண்டுவீசத் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்த வேளையில், இந்தத் தீவில் வாழ்ந்த ஐரோப்பியர்களை மட்டும் பிரிட்டிஷ் நிர்வாகம் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகியோர் விடிந்த பிறகுதான் தாங்கள் கைவிடப்பட்டதை அறிந்தார்கள். இந்தக் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. சில நாள்கள் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து வானொலியில் பேசிய பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டுவிட்டதாக அறிவித்தார். பெரும்பாலோர் இங்கேயேதான் இருந்தார்கள். அந்த அமைச்சரின் கணக்கில்தான் அவர்கள் இல்லை.

ஆட்சியாளர்கள் இவ்வாறு பேசுவதற்கு எப்போதும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: மக்கள் பீதியடையக் கூடாது, மனவுறுதி குலையக் கூடாது. நன்மைக்காகச் சொன்ன பொய் என்னும் அந்தச் சமாதானத்தை நம் வீடுகளிலும் அன்றாடம் கேட்கிறோம். அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே இந்த வீடியோவின் பொருள்.

[காட்சி: லிட்டில் இந்தியா, லெபோ பாசார். காலைக் கூட்டம்.]

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தவறான செய்தியைச் சொல்பவரெல்லாம் பொய்யர் அல்லர். அதை உண்மையென்று நம்பிச் சொன்னால் அது பிழை மட்டுமே. மறுபுறம், சொல்லில் பொய்யே இல்லாமலும் ஒருவரை ஏமாற்ற முடியும். குருட்சேத்திரத்தில் அசுவத்தாமன் என்னும் யானை இறந்தது உண்மைதான். ஆனால் தருமர் அதைத் துரோணரிடம் சொன்னதன் நோக்கம், மகன் இறந்துவிட்டான் என்று அந்தத் தந்தையை நம்பவைப்பதே. ஆகவே ஏமாற்றின் உயிர் சொல்லில் இல்லை, எதிரில் இருப்பவரின் மனத்தில் எதை விதைக்க நினைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

இதற்கு மனம் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். குழந்தைகளின் பொய்யை ஆராய்ந்த உளவியலாளர்கள் விக்டோரியா தல்வாரும் காங் லீயும், ஒரு குழந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியேறும் சோதனையைப் பலமுறை நடத்தினார்கள். பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிடுகின்றன. பார்த்தாயா என்று கேட்டால், மூன்று வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள்; அதைவிடப் பெரிய குழந்தைகளில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அது என்ன பொம்மையாக இருக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டவுடன், சிறு குழந்தைகள் பொம்மையின் பெயரைச் சரியாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிவது அடுத்தவருக்குத் தெரியாது என்னும் அறிவு வந்த பிறகுதான் பொய் பிறக்கிறது; ஆகையால் நான்கு வயதுப் பிள்ளையின் முதல் பொய்யைக் கேட்டு அதிர்ச்சியடையும் பெற்றோர், பிள்ளையின் மனம் உரிய காலத்தில் வளர்கிறது என்று கொஞ்சம் ஆறுதலும் அடையலாம்.

பெரியவர்கள் பொய் சொல்வதற்கான காரணங்கள் நாம் அறிந்தவைதாம்: தண்டனைக்கு அஞ்சி, ஆதாயம் தேடி, மதிப்பைக் காப்பாற்ற, பிறர் மனம் நோகாமல் இருக்க, தன் சொந்த விஷயத்தில் பிறர் மூக்கை நுழைக்காமல் தடுக்க. இவற்றைவிடக் கவனிக்கத்தக்கது, யார் எவ்வளவு பொய் சொல்கிறார்கள் என்பது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஆயிரம் அமெரிக்கர்களிடம் முந்தைய 24 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டபோது, ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்றார்கள். சொல்லப்பட்ட பொய்களில் ஏறத்தாழப் பாதி, நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலான ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வந்தது. எல்லாரும்தான் பொய் சொல்கிறார்கள் என்பது, பெரும்பாலும் நிறையப் பொய் சொல்பவர்களுக்கு உதவும் வாதம். (நேர்மையைப் பற்றிய ஆய்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். படிவத்தின் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் மனிதர்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று 2012இல் சொன்ன புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, அதன் தரவுகள் போலியானவை என்று தெரியவந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது.)

பொய்யைக் கண்டுபிடிப்பதில் நாம் மிகவும் பலவீனமானவர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியான பகுப்பாய்வின்படி, பேசுபவரைப் பார்த்தோ கேட்டோ பொய்யையும் மெய்யையும் பிரிக்கும்போது நாம் சரியாகச் சொல்வது சராசரியாக 54 விழுக்காடு மட்டுமே. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும். கேட்டதை நம்புவதே நம் இயல்பு என்பதும், அந்த இயல்பு இல்லாமல் கடையில் மீதிச் சில்லறைகூட வாங்க முடியாது என்பதும் இதற்குக் காரணம். போலீஸ் அதிகாரி போலவும் நீதிமன்ற அலுவலர் போலவும் பேசி வாழ்நாள் சேமிப்பைத் துடைத்தெடுக்கும் தொலைபேசி மோசடிக்காரர்கள் சுரண்டுவது இந்த இயல்பைத்தான். ஏமாந்தவர் முட்டாள் அல்லர் என்பதைக் குடும்பங்கள் புரிந்துகொண்டால், அவர்கள் வெட்கத்தில் விஷயத்தை மறைத்துக் காலம் கடத்தாமல், மலேசியாவின் மோசடித் தடுப்பு எண்ணான 997ஐ உடனே அழைப்பார்கள்.

[காட்சி: ஓலைச்சுவடி. பிறகு பழைய மலாயாவின் வரைபடம். பேராக் மாநிலத்தில் ஒரு புள்ளி ஒளிர்கிறது.]

இனி நியாயத்தின் பக்கம் வருவோம். ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், கொலைகாரன் ஒருவன் வாசலில் வந்து நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்டார். ஒரு பொய் தனி ஒருவருக்குத் தீங்கு செய்யாவிட்டாலும், சொல்லின்மீது மனிதகுலம் வைத்திருக்கும் நம்பிக்கையை அது சிதைக்கிறது என்பது அவருடைய எண்ணம். நம் மரபோ வேறு வழியில் செல்கிறது. 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்னும் குறளைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் அதன் பிற்பகுதியில் உள்ள நிபந்தனையை நினைவில் வைத்திருப்பவர்கள் அதைவிடக் குறைவு. சிறிதும் குற்றமற்ற நன்மை என்கிறார் வள்ளுவர். பரிமேலழகரும், கேட்டையோ சாவையோ எதிர்நோக்கி நிற்கும் ஓர் உயிர் அச்சொல்லால் மீள்வதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார். அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனவர் இந்தக் குறளில் ஒதுங்க இடமில்லை.

கான்டின் கொலைகாரன் இந்த நாட்டில் உண்மையாகவே வாசலுக்கு வந்திருக்கிறான். பேராக்கின் பப்பான் என்னும் சிற்றூரில், ஜப்பானியர் ஆட்சியின்போது, தாதியும் மருத்துவச்சியுமான சிபில் கார்த்திகேசு, தம் கணவர் டாக்டர் கார்த்திகேசுவுடன் சேர்ந்து, காயம்பட்ட எதிர்ப்புப் போராளிகளுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்ட வானொலியை வீட்டில் ஒளித்துவைத்துப் போர்ச் செய்திகளைக் கேட்டுவந்தார். வெளியே பார்ப்பவருக்கு அது ஒரு சாதாரண மருந்தகம். 1943இல் கைதான அவரைக் கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீஸ் கொடூரமாகச் சித்திரவதை செய்தது. அவருடைய சின்னஞ்சிறு மகளையும் கருவியாக்கி மிரட்டியது. அப்போதும் அவர் போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் வீரத்துக்காக ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், அந்தக் காயங்களின் விளைவாக 1948இல் இறந்தார். அவர் வாழ்ந்தது மறைப்பும் ஏமாற்றும் நிறைந்த வாழ்க்கைதான். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை, கான்டின் தர்க்கம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும்.

அதே ஆண்டுகளில், அதே மண்ணில், வேறொரு ஏமாற்றும் நடந்தது. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், குறுகிய கால வேலை, நல்ல கூலி, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்ற வாக்குறுதிகளோடு தோட்டத்து மக்கள் இரயிலேற்றப்பட்டார்கள். ஆசை காட்டி வராதவர்களைப் பிடித்தும் சென்றார்கள். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களைக் கொண்டு ஜப்பானியர் அமைத்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டபோது, அவர்களில் பல்லாயிரம் பேர் காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியாகியிருந்தார்கள்.

இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? நல்ல நோக்கம் என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனெனில் ஜப்பானியரும் ஆசியாவின் விடுதலைக்காகவே எல்லாம் என்றார்கள். சுவீடனில் பிறந்த அமெரிக்கத் தத்துவவாதி சிசெலா பாக் 1978இல் முன்வைத்த அளவுகோல் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது: ஏமாற்றப்படுபவர்களும் அடங்கிய ஒரு பொதுச்சபையில், இந்தப் பொய்க்கான காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? சயாமுக்குப் போன தொழிலாளியிடம் அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் இரயிலேறியிருக்கவே மாட்டார். கெம்பித்தாய் அதிகாரியும்தானே ஏமாற்றப்பட்டார் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சபையில் அவர் எழுந்து வைக்கக்கூடிய முறையீடு, இவர்களைக் கொல்ல என்னால் முடியாமல் போயிற்று என்பது மட்டுமே. ஆயிரம் பொய் சொல்லி முடித்த கல்யாணத்தையும் இதே சபையில் நிறுத்திப் பார்க்கலாம்: மாப்பிள்ளையின் கடனையும் நோயையும் மறைத்த காரணத்தை மணப்பெண்ணின் முன்னால் சொல்லச் சொன்னால், பேசி முடித்த பெரியவர்களில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

[காட்சி: மருத்துவமனைத் தாழ்வாரம். ஆள் நடமாட்டம் குறைவு.]

போர்க்காலத்தைவிட நமக்கு நெருக்கமான இடம் இது. அப்பாவுக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னவுடன் மூத்த மகன் முதலில் கேட்பது, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு ஒடிஞ்சிடுவாரு" என்பதுதான். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஏமாற்றப்படுபவரின் இடத்தில் நின்று பாருங்கள். மருந்தால் முடி கொட்டுகிறது, வெளியூர்ப் பேரப்பிள்ளைகள் திடீரென வந்து பார்க்கிறார்கள், அல்சர் என்கிறார்கள். அவருக்குப் புரியாமல் இருக்குமா? பல வேளைகளில் அவரும் தெரியாததுபோல் நடிக்கத் தொடங்குகிறார், பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று. வீட்டை யார் பெயரில் எழுதுவது, சண்டையிட்டுப் பிரிந்த தம்பியை ஒருமுறை பார்ப்பதா, இன்னொரு கீமோதெரபி வேண்டுமா வேண்டாமா என்று அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் எல்லாம் அந்த நாடகத்துக்குள் புதைந்துபோகின்றன. சொல்வதற்கு அஞ்சியது மகன். விலை கொடுப்பது அப்பா. சிகிச்சையின் முக்கியமான ஆபத்துகளை நோயாளியிடமே தெரிவிப்பது மருத்துவரின் கடமை என்று நம் கூட்டரசு நீதிமன்றமும் 2006ஆம் ஆண்டின் இறுதியில் தீர்ப்பளித்திருக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, "உங்க உடம்பைப் பத்தி எல்லாத்தையும் நீங்களே தெரிஞ்சிக்கணுமாப்பா, இல்ல நாங்க பார்த்துக்கவா?" என்று அவரிடமே கேட்டுவிடலாம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால், அதன் பிறகு நீங்கள் காக்கும் மௌனம் அவர் அறிந்து கொடுத்த மௌனம். அதில் ஏமாற்று இல்லை.

இந்த அளவுகோல் எட்டாத இடமும் இருக்கிறது. மறதி நோய் முற்றிய ஒரு முதியவர், இறந்துபோன மனைவி எங்கே என்று ஒவ்வொரு மாலையும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு மாலையும் அவருக்கு அது புதிய சாவு. விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க அவரிடம் நினைவு மிச்சமில்லை. முதலில் அந்த அம்மாளைப் பற்றியே பேச்சைத் திருப்பிப் பார்க்கலாம், அவர் வைக்கும் மீன்குழம்பைப் பற்றி, கல்யாணமான ஊரைப் பற்றி. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அதற்கும் அடங்காமல் அவர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக அலைந்து தவித்தால், சந்தைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லும் மகளை நான் பொய்யர் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.