சங்கீதமும் ஒப்பாரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

விவிலியத்தில் உள்ள 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழுகைப் பாடல்கள். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று சொல்வதும் இவற்றைத்தான். ஆனால் இலங்கை மலையகத்தில் நமது தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் பெரும்பாலும் பாடப்படுபவை 23, 100, 121, 150 போன்றவை. பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுப்பதும் அவற்றையே. மரண வீட்டில் 130 வாசிக்கப்படலாம். 13ஐயும் 88ஐயும் 137ஐயும் பாடிக் கேட்பது அரிது. ஒப்பாரியை இவ்வளவு நன்றாக அறிந்த ஒரு சமூகம் விவிலியத்தின் ஒப்பாரிகளைத் தாண்டிப் போவது பெரிய இழப்பு. அவற்றை எப்படிக் கற்பிக்கலாம் என்று இன்று பேச விரும்புகிறேன். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் உபதேசியார்களும் பாடகர் குழுக்களை நடத்துபவர்களும் சற்றுக் கவனித்துக் கேளுங்கள்.

எபிரேயக் கவிதையில் ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொல்லில் திரும்பச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். 1753இல் வெளியான தமது விரிவுரைகளில் ரொபர்ட் லோத் என்ற ஆங்கில அறிஞர் இதை விளக்கிய பிறகு, சங்கீதக் கவிதையின் ஆய்வு பெரும்பாலும் இந்த இணையடி அமைப்பிலிருந்தே தொடங்குகிறது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) அம்மாயிமாருக்கு, அதாவது பாட்டிமாருக்கு, இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "முத்துப் பதிச்ச கட்டிலு முன்வாசல் காத்திருக்க, பவளம் பதிச்ச கட்டிலு பின்வாசல் காத்திருக்க" என்கிற மாதிரியில்தான் ஒப்பாரி நடக்கும். முதலடியின் சட்டம் அப்படியே நிற்கும், இரண்டு சொல் மட்டும் மாறும். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், சுற்றி இருப்பவர்கள் அடியின் கடைசியில் சேர்ந்து இழுப்பார்கள். இறந்தவரை நேரே விளித்து, "என்னை விட்டுட்டுப் போனீங்களே" என்று முகத்துக்கு முகம் குறை சொல்வார்கள். புலம்பல் சங்கீதம் கடவுளிடம் செய்வதும் இதையே.

விவிலிய மக்கள் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டிய கலையாகவே வைத்திருந்தார்கள். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பலை யூதா மக்களுக்குக் கற்பிக்கும்படி கட்டளையிட்டதாக 2 சாமுவேல் முதலாம் அதிகாரம் சொல்கிறது. எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பும் பெண்களை அழைத்து வரச் சொல்கிறார், பிறகு தாய்மார் தங்கள் மகள்மாருக்கும் அவரவர் தோழிகளுக்கும் அதைக் கற்பிக்க வேண்டும் என்கிறார். கற்பித்தலைப் பற்றி விவிலியம் பேசும் இடங்களில் இதை நாம் எடுத்துக்காட்டுவதே இல்லை.

தொடங்குவதற்கு ஏற்றது 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 3, 4 மன்றாட்டு. 5, 6 நம்பிக்கை. முக்கால் மணி நேர வகுப்பு போதும். முதல் பத்து நிமிடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஆசிரியர் ஓர் அடியைச் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியின் முதற்பாதியை ஒரு பக்கமும் அடுத்த பாதியை மறுபக்கமும் சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத்தான் பெரும்பாலானவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். மறுபக்கத்தினர் அவசரத்தில் முதற்பாதி முடிவதற்கு முன்னே நுழைந்துவிடுவார்கள். கேள்வி காதில் விழுந்து நிற்க நேரம் இராது. ஆசிரியர் கையை உயர்த்திப் பிடித்து, மூச்சு எடுத்த பிறகே இறக்கினால் இரண்டாம் முறையிலேயே சரியாகும்.

மெட்டுக்கு வருவோம். சோகம் என்றதும் முகாரி இராகத்துக்குப் போவது வழக்கம். பயிற்சி பெற்ற ஒருவர் தனித்துப் பாடுவதானால் மிகவும் நல்லது. சபை முழுவதும் பாடுவதற்குப் புன்னாகவராளி அல்லது நாதநாமக்கிரியை சாயலில் எளிய மெட்டு ஒன்றை அமைப்பது மேல். இந்த இரண்டு இராகங்களும் மேல் நிஷாதத்தோடு (நி) நின்றுவிடுபவை, மேல் ஸட்ஜத்துக்கு (ஸ) ஏறுவதில்லை. ஆகவே பழகாத குரலும் திணறாது. அதிலும் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குள் (ஸ முதல் ப வரை) ஐந்து சுரத்தில் மெட்டை முடித்துக்கொண்டால் ஆறு வயதுப் பிள்ளையும் பாடும்.

சுருதியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஆர்மோனியம் வாசிப்பவர் ஐந்து கட்டையில் பிடித்துவிடுவார், அது ஒரு பெண் கச்சேரியில் தனித்துப் பாடும் சுருதி. காலையில் நுவரெலியாக் குளிரில், கொழுந்தெடுத்துக் களைத்த பெண்கள் மேல் ஸ்தாயியில் கத்த வேண்டும், அல்லது கீழே இறங்கி முணுமுணுக்க வேண்டும். இரண்டு வசனத்துக்குள் பாடகர் குழு மட்டும்தான் பாடிக்கொண்டிருக்கும். ஒரு கட்டை, கூடினால் இரண்டு கட்டை வைத்து, ஐந்து சுரத்துக்குள் பாடினால் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் பெண்கள் மேலேயுமாக எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.

நான்காம் வசனத்திலிருந்து ஐந்தாம் வசனத்துக்குப் போகும் இடம் இந்தச் சங்கீதத்தின் உயிர். அங்கே வேகத்தைக் கூட்டி, கைதட்டி, மகிழ்ச்சிப் பாட்டாக மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மெட்டும் காலமும் மாறாமல், நான்கு மூச்சு அமைதியாக இருந்துவிட்டு அதே நடையில் தொடருங்கள். அழுதவர் பிரச்சினை தீர்ந்து எழுந்துவிட்டார் என்று வசனம் சொல்லவில்லை. எதிரி இன்னும் அங்கேதான் நிற்கிறான். நம்பிக்கையின் வார்த்தையை அதே அழுகைக் குரலில் சொல்வதுதான் இங்கே நடப்பது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. அப்படி உறவினரை இழந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே நிமிடத்தில் கைதட்டச் சொல்வது கொடுமை.

தப்பு என்ற பறையைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்க வேண்டும். சாதியின் பெயரால் அதைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது நாம் திருத்த வேண்டிய தவறு. 150ஆம் சங்கீதத்தில் கடவுளைப் புகழும் கருவிகளில் கைப்பறையும் இருக்கிறது. புலம்பலுக்குப் பாட்டடியின் முடிவில் மட்டும் ஒற்றைத் தட்டு போதும், நடுவில் வாசித்தால் சொல் அமுங்கிவிடும். பனிமூட்டத்தில் தோல் தொய்ந்து ஒலி மந்தமாகும். முன்கூட்டியே நெருப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள். சுழற்றிக்கொண்டே காட்ட வேண்டும், ஓரிடத்தில் பிடித்தால் தோல் வெடிக்கும்.

ஒப்பாரி தெரிந்த அம்மாயி ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஆனால் "ஒரு ஒப்பாரி பாடிக் காட்டுங்க அம்மாயி" என்று கேட்டுவிடாதீர்கள். சாவு இல்லாத இடத்தில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள், அந்த எண்ணத்தை மதிக்க வேண்டும். அடி எப்படிச் சேரும், யார் எடுத்துக்கொடுப்பார்கள், எந்த இடத்தில் இழுப்பார்கள் என்று கேளுங்கள். பிறகு சங்கீதத்தின் ஓர் அடியைக் கொடுத்து, அவர் எப்படிச் சொல்வார் என்று பாருங்கள். அதைவிட நல்ல மெட்டு நமக்குக் கிடைக்காது.

13 பழகிய பிறகு 42, 43 இரண்டையும் சேர்த்து எடுங்கள். ஒரே பல்லவி 42இல் இரண்டு முறையும் 43இல் ஒரு முறையும் வருவதால் சிறுவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். 137 சாதாரண தரப் பரீட்சை தாண்டிய இளைஞருக்கு உரியது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்களிடம், ஊர்ப்பாட்டுப் பாடு என்று கேட்கிறார்கள். கின்னரங்களை (யாழ் போன்ற நரம்புக் கருவிகளை) மரத்தில் தொங்கவிட்டு அவர்கள் மறுக்கிறார்கள். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் நமது தோட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணி எழுதப்பட்டதையும், அவர்களை வழியனுப்பிய கோச்சி (ரயில்) நிலையங்களில் வைத்த ஒப்பாரியையும் இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடைசி இரண்டு வசனங்கள் பழிவாங்கும் வெறியில் முடிகின்றன. அவற்றைக் கத்தரிக்காமல் வாசித்து, அந்தக் கோபத்தை மனிதர் கடவுளிடம் கொட்டுகிறார்கள், கையில் எடுக்கவில்லை என்பதைப் பேசிப் பாருங்கள்.

88ஐ எல்லாவற்றுக்கும் பிறகு எடுங்கள். அதில் திருப்பமே இல்லை, இருளோடு முடிகிறது. பெரிய வெள்ளி மாலைக்கோ, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கோ பொருந்தும். முடிந்ததும் ஸ்தோத்திரப் பாட்டு எதையும் ஒட்டாமல், ஆர்மோனியத்தை மூடிவிட்டு, மக்களை அமைதியாகக் கலைந்துபோக விடுங்கள். வணக்கம்.