கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம். கட்டட வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், மேட்டிலும் பள்ளத்திலும் மனிதர் நடப்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். காரைக்குடிக்காரனுக்கு மேடு பள்ளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் எண்ணலாம். நம் செட்டிநாட்டு ஊர்கள் சமதரையில் நூல் பிடித்தாற்போல் நேர்த்தெருக்களாக அமைந்தவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடுகளுக்கு நேர்த்தெருதான் பொருத்தம். அதே நேர்த்தெருவைக் குன்றின்மேல் போட்டால் என்ன ஆகும் என்பதை, மகள் வீட்டில் தங்குவதற்காகச் சான் பிரான்சிஸ்கோ போனபோதுதான் நான் கண்டேன்.

அந்த நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள் உண்டு. ஆனால் தெருக்களை வகுத்தவர்கள் பெரும்பகுதியில் குன்றைப் பொருட்படுத்தாமல், சமதரையில் கோடு கிழிப்பதுபோலவே கட்டம் கட்டமாகக் கிழித்துவிட்டார்கள். ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியில் நூறடி போவதற்குள் முப்பத்தொன்றரை அடி ஏற வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைக்கும்போது பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம் என்று நாங்கள் கணக்கு வைப்போம். அந்தத் தெரு ஏறக்குறைய அதைப்போல் நான்கு மடங்கு செங்குத்து. அங்கே நடைபாதையையே படிகளாக வெட்டியிருக்கிறார்கள். சரிவில் வண்டியை நிறுத்துகிறவர்கள் முன்சக்கரம் நடைபாதை ஓரத்தில் முட்டி நிற்குமாறு திருப்பி வைக்க வேண்டும் என்பது சட்டம். 1873இல் கம்பியால் இழுக்கப்படும் டிராம் வண்டி அங்கே ஓடத் தொடங்கியதற்கும் இந்த ஏற்றங்களே காரணம்.

முதல் வாரத்தில் ஒரு நாள், கைப்பேசி வரைபடம் பத்து நிமிட நடை என்று காட்டிய கடைக்குக் கிளம்பினேன். போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. "அப்பா, நேராகப் போகாதீர்கள், இரண்டு தெரு சுற்றிப் போங்கள், மூச்சு வாங்காது" என்று மகள் மறுநாள் சொன்னாள். அந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். குன்றுகளைத் தவிர்த்து வளைந்து வளைந்து போகிற, 'விக்கில்' என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் வழி ஒன்று உண்டு; அது பழைய நீரோடை ஒன்று போன தடத்தை ஒட்டியது. நேயர்களே, இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. கூரையில் விழுந்த மழை முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போய்ச் சேருமாறு, கண்ணுக்குத் தெரியாத சாய்வைக் கொடுத்தல்லவா நம் முன்னோர் தெரு அமைத்தார்கள்? எந்த ஊரானாலும் எளிதான வழியைத் தண்ணீர் முதலில் கண்டுபிடித்துவிடுகிறது.

சரிவைச் சுற்றிப் போகவும் முடியாதென்றால் படிதான் துணை. படியைப் பற்றி நான் கற்றதெல்லாம் ஒரு முதிய கொத்தனாரிடம் கற்றது. காரைக்குடியில் ஒரு வீட்டின் மாடிப்படி வேலையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள்" என்றார். ஏறினேன். கடைசிப் படியில் என் கால் இடறியது. அளந்து பார்த்தோம்; மற்றப் படிகளைவிட அது முக்கால் அங்குலம் உயரம். படியைக் கட்டி முடித்த பிறகு மேல்தளத்தில் கலவை போட்டு ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தார்கள். தளம் உயர்ந்தது, கடைசிப் படியும் உயர்ந்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும், தம்பி" என்றார் அவர். முதல் இரண்டு படிகளிலேயே கால் ஓர் உயரத்தைப் பழகிக்கொள்கிறது, அதற்குப் பிறகு கண் கீழே பார்ப்பதில்லை. ஆகவே படி உயரமாக இருப்பதைக் காட்டிலும், படிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பதே பெரிய ஆபத்து. திரும்பவும் சொல்கிறேன்: மாறுபாடுதான் ஆளைத் தள்ளுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுவா பிளான்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எழுதிவைத்த கணக்கு ஒன்று உண்டு. படி உயரத்தின் இரு மடங்கோடு கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால், மனிதர் நடக்கும்போது ஒரு காலடி எடுத்துவைக்கும் தூரத்துக்குச் சமமாக, ஏறக்குறைய இருபத்து நான்கு அங்குலம் வர வேண்டும். ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம் என்று அந்தக் கொத்தனார் கட்டிய படியும் அதே கணக்குக்குத்தான் வந்தது.

குன்றக்குடி மலைக்கு ஏறியவர்கள் இன்னொன்றையும் உணர்ந்திருப்பீர்கள். மயில் வடிவ மலை என்று நாம் வணங்கும் அந்தக் குன்றில் ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முழங்காலைக் கேட்டால், இறங்குவதுதான் கடினம் என்று சொல்லும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையை மடங்கிய ஒற்றைக் கால் தாங்கி, மெல்லக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கிற பெரியவர்கள், ஏற்றத்தைவிட இறக்கத்தில் அடியைச் சுருக்கி வைப்பதை நான் பக்கத்தில் நடந்து பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு நிமிடமே இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். கைப்பிடியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கைப்பிடி கடைசிப் படியையும் தாண்டி ஓரடி நீள வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நம் வீட்டுத் திண்ணைப் படிகளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும், பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுகிறார்கள். தெரு உயர உயர, அடிப்படி புதைந்துகொண்டே போகிறது. எங்கள் வீட்டில் மற்றப் படிகள் ஏழு அங்குலம், தெருவை ஒட்டிய படி இப்போது மூன்றரை. தொண்ணூறை நெருங்கும் என் தாயார் சென்ற மாதம் அந்தப் படியில்தான் தடுமாறினார். உங்கள் வீட்டில் ஓர் அளவு நாடா இருந்தால், இன்றைக்கே அந்த முதல் படியை அளந்து பாருங்கள். மற்றவற்றோடு அரை அங்குலம் மாறினாலும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். வணக்கம்.