யானையின் கன்னத்தில் வண்டு மொய்ப்பது ஏன்?

(எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியதை, பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மதம் பிடித்த யானையைப் பாடுகிற பழைய பாட்டுகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். களிற்றின் கன்னத்தில் மதநீர் வழியும், அதில் வண்டுகள் மொய்த்து இரையும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது, புலவர் அழகுக்காகக் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மதநீர் என்றால் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம், அதில் வண்டுக்கு என்ன வேலை? இந்தக் கேள்வி இப்படியே இருக்கட்டும். ஒரு சுற்று சுற்றிவிட்டு இதே இடத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் நமக்குத் தெரிந்துவிடும். எழுந்து போய் எட்டிப் பார்ப்பதும் பார்க்காததும் நம் இஷ்டம். பட்டுப்பூச்சிக்கு அந்த இஷ்டம் கிடையாது. கூட்டைவிட்டு வெளியே வந்த ஆண் பட்டுப்பூச்சியால் சாப்பிட முடியாது, பறக்க முடியாது, ஆயுள் சில நாட்கள்தான். அசையாமல் உட்கார்ந்திருக்கும். எங்கோ ஒரு பெண்பூச்சி தன் வயிற்று நுனியில் இருக்கிற சுரப்பியை வெளியே நீட்டியதும், இது சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து அந்த வாசனை வருகிற பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடும். பெண்பூச்சியே அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தச் சாறு தொட்ட கண்ணாடிக் குச்சியை நீட்டினாலும் இதே படபடப்புதான்.

அந்தச் சாறு என்ன என்று கண்டுபிடிக்க ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனான்ட் என்ற வேதியியலாளருக்கு ஏறக்குறைய 20 வருடம் ஆனது. நடுவில் உலகப் போர் வேறு. சுமார் 5 லட்சம் பெண்பூச்சிகளின் சுரப்பிகளை வெட்டியெடுத்து, கரைத்து, பிரித்து, கடைசியில் கையில் கிடைத்தது சில மில்லிகிராம். 1959-ல் அதை அறிவித்தார்கள், பாம்பிகால் என்று பெயர் வைத்தார்கள். அதே வருடம்தான் ஃபெரோமோன் என்ற சொல்லும் பிறந்தது. பீட்டர் கார்ல்சனும் மார்ட்டின் லூஷரும், 'சுமந்து செல்', 'கிளர்ந்தெழச் செய்' என்ற பொருள் வருகிற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதை உண்டாக்கினார்கள். ஒரு உயிர் வெளியே விடுகிற வேதிப்பொருள், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு உயிரைச் செயல்பட வைத்தால் அது ஃபெரோமோன்.

இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது வேறொன்று. பாம்பிகாலைச் சுரக்கிற பெண்பூச்சியின் உணர்கொம்புக்கு அந்த வாசனையே தெரியாது! ஆணின் உணர்கொம்பில் மட்டும்தான் அதற்கான செல்கள் இருக்கின்றன. அதாவது கட்டளை அந்தப் பொருளுக்குள் இல்லை, அதை வாங்குகிற உடம்புக்குள் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான், இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எறும்பைப் பாருங்கள். செத்த எறும்பு முதல் ஒன்றிரண்டு நாள் புற்றுக்குள் அப்படியே கிடக்கும், கூட இருக்கிற எறும்புகள் அதன் மேல் ஏறி நடந்து போகும். உடம்பு சிதைந்து ஒலியிக் அமிலம் உண்டான பிறகுதான் யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போடுவார்கள். எட்வர்ட் வில்சனும் அவரது சகாக்களும் 1958-ல் இதை வெளியிட்டார்கள். வில்சன் அந்த அமிலத்தில் ஒரு சொட்டை உயிருள்ள எறும்பின் மேல் தடவிப் பார்த்தார். கூட்டாளிகள் வந்தன, அது காலை உதறிக்கொண்டிருக்கும்போதே தூக்கின, குப்பைமேட்டில் போட்டுவிட்டுத் திரும்பின. அது எழுந்து வந்தது, மறுபடி தூக்கிக்கொண்டு போய்ப் போட்டன. உடம்பை நக்கித் துடைத்துச் சுத்தமாகும் வரை அது பிணம்தான். கண்ணெதிரே உதறுகிற ஆறு கால்களும் கணக்கில் வரவில்லை, வாசனை மட்டுமே கணக்கு. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தேனீ வளர்க்கிறவர்கள் சிலர், பெட்டியைத் திறக்கப் போகும்போது வாழைப்பழம் சாப்பிடாதே என்பார்கள். ஒரு தேனீ கொட்டியதும் கொடுக்கு நம் தோலில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும், அதோடு ஐசோபென்டைல் அசிடேட் என்ற பொருள் காற்றில் பரவும். பழுத்த வாழைப்பழ வாசனையிலும் இருப்பது அதே பொருள்தான். நமக்கு அது பழ வாசனை. கூட்டில் இருக்கிற மற்ற தேனீக்களுக்கு, "இங்கேதான், இங்கேயே கொட்டு" என்ற அழைப்பு. அதனால் ஒன்று கொட்டினால் நின்று அடித்துக்கொண்டிருக்கக் கூடாது, கொடுக்கைச் சட்டென்று வழித்து எறிந்துவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும். பெட்டிக்குப் புகை போடுவதிலும் பாதிக் காரணம் இந்த வாசனையை மறைப்பதுதான்.

தென்னந்தோப்புக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சிவப்புக் கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோமே, அந்த வாளிக்குள் தொங்குவது ஆண் வண்டு விடுகிற வாசனையின் செயற்கை நகல், அதற்கு ஆணும் வரும் பெண்ணும் வரும். என் மாமா தோப்பில் அந்த வாளியைத் திறந்து காட்டினார், உள்ளே தண்ணீரில் மூக்கு நீண்ட வண்டுகள் மிதந்தன. தொங்குகிற சின்ன உறையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஏதோ லேசாக ஒரு வாடை, அவ்வளவுதான்.

சரி, மனிதர்களுக்கு? ஃபெரோமோன் சென்ட் என்று ஆன்லைனில் விற்கிறார்கள், பையன்கள் வாங்குகிறார்கள். மனிதனில் இன்னதுதான் ஃபெரோமோன் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அந்தக் காசை வீணாக்காதீர்கள் தம்பிகளே.

இப்போது யானைக்கு வருவோம். பெண் யானை சிறுநீர் கழித்த இடத்துக்கு ஆண் யானை வந்தால் என்ன செய்யும் தெரியுமா? துதிக்கையின் நுனியை ஈரத்தில் மெல்ல ஒற்றும், அப்படியே சுருட்டி வாய்க்குள் கொண்டுபோகும், மேலண்ணத்தில் இருக்கிற இரண்டு சின்னத் துளைகளில் வைத்து அழுத்தும். அந்தத் துளைகளுக்கு மேலே, இதற்காகவே ஓர் உணர்வுறுப்பு இருக்கிறது. பெண் கருத்தரிக்கத் தயாரா என்று அது சொல்லிவிடும். அந்தச் செய்தியைச் சுமக்கிற பொருளை 1996-ல் ராஸ்முசென் என்ற அம்மையாரின் குழு கண்டுபிடித்தபோது எல்லோரும் அசந்துபோனார்கள், ஏனென்றால் 100-க்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்களின் பெண்பூச்சிகள் ஆணை அழைக்கப் பயன்படுத்துகிற அதே மூலக்கூறு அது. ஆனாலும் பெண் யானையைத் தேடிப் பூச்சிகள் படையெடுப்பதில்லை. பூச்சிக்குப் பொதுவாகப் பல பொருட்கள் சரியான விகிதத்தில் கலந்து வர வேண்டும், யானைக்கு இந்த ஒன்றே போதும்.

அப்புறம் 2002. அதே ராஸ்முசென், ஹைடி ரிடில், நம் தமிழ்நாட்டு வனத்துறையில் வாழ்நாளெல்லாம் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, மூவரும் சேர்ந்து நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கிற சுரப்பியிலிருந்துதான் மதநீர் வழிகிறது. முதிர்ந்த களிற்றின் மதநீர் நாறும், விலகிப் போ என்று இளையவற்றுக்குச் சொல்லும். ஆனால் முதன்முதலாக மதம் காணும் இளம் களிற்றின் மதநீரில் தேன் வாசனை அடிக்கிறது! நான் இன்னும் சின்னவன், உன்னோடு சண்டைக்கு வரவில்லை என்று பெரிய களிறுகளுக்கு அது சொல்லும் செய்தி அது. பெரியது அதை முகர்ந்துவிட்டு, பொருட்படுத்தாமல் தன் வழியே போய்விடலாம், இரண்டுக்கும் காயம் இல்லை.

பாட்டில் வருகிற வண்டு என்பது தேனீயையும் சேர்த்த சொல், சுரும்பு, தும்பி, ஞிமிறு எல்லாம் அந்தக் கூட்டம்தான். பெரிய களிற்றுக்காக எழுதிய செய்தியைத் தேனீ தன் உடம்பால் படித்திருக்கிறது, அதற்கு அது பூ. காட்டோரம் நின்று அதைப் பார்த்த யாரோ ஒருவர் பார்த்தபடியே பாடிவைத்திருக்கிறார்.